பதினொரு கேசட்டும் ஹில்டாவின் குரலும்

ஹில்டா ரெயினின் குரல் இந்த உலகத்தில் பதினொரு கேசட்டுகளில் மட்டும்தான் இருந்தது. அதை அழித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அவள் புருஷன் கத்பர்ட் எனக்குப் பக்கத்து வீடு. இங்கிலாந்தில் டர்ஹம் சுரங்கத்தில் முப்பது வருஷம் கரி வெட்டி, மூச்சிளைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்தவன். பந்தயப் புறா என்றால் பைத்தியம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி, எந்தப் புறா எந்தக் காற்றில் என்ன வேகத்தில் பறந்தது என்று கட்டம் கட்டமாக அட்டவணை போட ஆரம்பித்தான். ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தானாக மாறும். அந்த அதிசயத்தைக் காட்டுகிறேன் என்று எங்களை உட்கார வைத்து உயிரை வாங்குவான்.

அட்டவணை கேசட்டில்தான் பதிவாகும். போட்டுக் கேட்டால் வெறும் கீச்சொலி. எது எந்த வாரத்துடையது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் பெயரையும் தேதியையும் வாயால் சொல்லிப் பதிவார்கள். கத்பர்ட்டுக்கு மைக் என்றால் கூச்சம். ஹில்டாதான் சொல்வாள்.

"மே மாசம், ரெண்டாவது வாரம். நீலப் பெட்டைப் புறா இந்தத் தடவையும் கடைசி. வித்துத் தொலைங்கன்னா இந்த மனுஷன் கேக்க மாட்டேங்கறாரு" என்று அவன் மானத்தையும் சேர்த்து வாங்குவாள்.

எண்பத்தாறு பிப்ரவரியில் சமையலறையில் சரிந்தவள் எழுந்திருக்கவில்லை.

இடிந்துபோய்க் கிடந்தவனைக் கிளப்பிவிடலாமே என்று டிஸ்க் டிரைவ் வாங்கச் சொன்னது நான்தான். எல்லாம் இரண்டே டிஸ்க்கில் அடங்கிவிடும், கேசட்டுகளை எனக்குக் கொடு, நான் வாசிக்கும் பேண்டு வாத்தியக் குழுவின் ஒத்திகையைப் பதிய ஆகும் என்றேன். மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினான். கம்ப்யூட்டர் வயரைச் செருகினால் டேப் ரெக்கார்டரின் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். அவள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அவன் காதில் ஒரு சொல் விழவில்லை. அவனுக்கு அது லேபிள், குரல் என்று தோன்றவே இல்லை. எனக்கும்தான், மடையன். ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை என்று பெருமையாகச் சொல்லித்தான் கேசட் பையை என்னிடம் கொடுத்தான்.

ஜூனில் ஆஸ்திரேலியாவிலிருந்து அவர்கள் மகள் லோர்னா அவனுக்குப் போன் செய்தாள். அம்மா பேசிய கேசட் ஒன்றை அனுப்பச் சொன்னாள். கத்பர்ட் வீட்டுச் செருப்போடு என்னிடம் ஓடி வந்தான்.

"பதிஞ்சிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

பதினொன்றையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் எங்கள் பேண்டு, நடுவே தப்பும் தவறுமாக என் டிராம்போன். அதற்கப்புறம் நான் அதை ஊதவில்லை.

ஆகஸ்டில் லோர்னா வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"விடுங்கப்பா. அம்மா எப்படிச் சொல்லுவாங்க, ஒரு தடவை நீங்க சொல்லிக் காட்டுங்க."

கத்பர்ட் ஏதோ ஒரு தேதியைச் சொன்னான். நிறுத்தினான். மறுபடி சொன்னான்.

"வார்த்தை வருதும்மா," என்றான். "அவ வரல."