பொழுது சாய்வதற்குள் புரதம்

1. மூடாத தையல்

குடல் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் தாண்டியும் ஜினதாஸ் ஐயாவின் வயிற்றுத் தையல் கீழ்ப்பக்கம் பிளந்தே இருந்தது. திருப்புட்குழிப் பக்கத்து ஜைன விவசாயி. தொடை வற்றிவிட்டது, கம்பியைப் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. சர்ஜன் என்னைக் கூப்பிட்டார்.

“டயட்டீஷியன் மேடம், இந்த வாரத்துக்குள்ள சதை வளரலைன்னா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான். இந்த உடம்பு தாங்குமா?”

ஆபரேஷனும் உடம்புக்கு ஒரு காயம்தான். கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும். தசைப் புரதம் அமினோ அமிலமாக உடைந்து புண்ணுக்கும் கல்லீரலுக்கும் போகும். ஒரு பங்கு யூரியாவாகிச் சிறுநீரில் கழியும். சாப்பாட்டில் புரதம் வராவிட்டால் தசை மேலும் கரையும். பகலில் அவருக்குப் பசியில்லை என்பதால், பெரும்பங்குப் புரதத்தை இரவுப் பாலிலும் பயறுக் கஞ்சியிலும் வைத்திருந்தேன். தினமும் கொடுப்பதாக நர்ஸ் சொன்னார்.

2. இரவு டம்ளர்

மகன் சாந்தகுமாரிடம் கேட்டேன்.

“அண்ணா, ஐயா ராத்திரி பால முழுசா குடிக்கிறாரா?”

“அத நான் குடிச்சுக்கினு இருக்கேன் மேடம். பொழுது சாஞ்சா சாப்பிடக்கூடாதுன்றது எங்க ஜைன நோன்பு, அவரு வாயத் தொறக்கமாட்டாரு. வீணாப் போவுதேன்னு…”

“ஆபரேஷன் எனக்கு, உடம்பு ஏறுறது இவனுக்கு,” என்றார் ஐயா.

“மருந்துன்னு நெனச்சு நீங்க குடிக்கலாமே ஐயா?”

“இத்தினி வருஷம் கட்டுன வாய இப்ப தொறக்கணுமாம்மா?”

அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. “புண்ண ஆத்த உங்க தொடைச் சதைய ஒடம்பே எடுத்துக்கினு இருக்குது. வெதநெல்லக் குத்தித் தின்ற மாதிரி,” என்றேன்.

ஐயா தன் தொடையைத் தடவிப் பார்த்தார். “பகல்ல எவ்ளோ வேணா குடும்மா. பசி இல்லன்னாலும் திங்கறேன்.”

3. பகல் கணக்கு

விடிந்ததும் புரதப் பொடி கலந்த பால். பிறகு பாசிப்பயறு, பனீர், தயிர் எனக் கொஞ்சம் கொஞ்சமாக. சூரியன் இறங்குமுன் கடைசி டம்ளர்.

“ஒரு ஆளுக்காக விடிகாலையில அடுப்பா?” என்றார் கேன்டீன் மாஸ்டர்.

“ஆமாண்ணா.”

முனகிக்கொண்டே பற்றவைத்தார். தசை வேலை செய்தால்தான் புரதம் அதில் சேரும் என்பதால் மகன் கைப்பிடித்து வராந்தாவில் நடத்தினார்.

வாரக் கடைசியில் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தபோது புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது.

“தியேட்டர் வேணாம்,” என்றார் சர்ஜன்.

“அப்ப நெலத்துல எறங்கலாமா டாக்டர்?” என்றார் ஐயா.

“மொதல்ல கம்பியப் பிடிக்காம கட்டில்ல இருந்து எறங்குங்க.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: எத்தனை கிராம் புரதம் என்று கணக்குப் போடுமுன், நோயாளி எப்போது வாய் கட்டுவார் என்று கேளுங்கள்.