நடவுப் பாட்டும் நான் அடித்த மணியும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர், கலைச்செல்வி என்று எனக்குப் பெயர் வைத்ததே ஒரு கட்சி மேடையில்தான். முனி இருக்கிறது என்று ஊரே சுற்றிப் போகிற புளியமரத்தடியில் பத்து வயதில் என்னை உச்சி வெயிலில் உட்காரவைத்து, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டவர் அவர். எறும்புதான் வந்தது. அப்படி வளர்ந்தவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இசை படித்துக்கொண்டிருந்தேன். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றெல்லாம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும் சனிக்கிழமை தோறும் எங்கள் துறையில் காலையில் சொற்பொழிவு, மாலையில் கச்சேரி. மாணவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்திருப்பார்கள். ஒருத்தி தம்பூரா போடுவாள், ஒருத்தன் ஜமக்காளம் விரிப்பான், எனக்கு மணி. பேசுகிறவருக்கு நேரம் முடிந்ததும் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டவேண்டும். பெரிய பெரிய வித்துவான்களையே பேச்சின் நடுவில் நிறுத்தியிருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமையை நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல நடவுப் பொம்பளைங்க இருப்பாங்களே கலை, ஏழெட்டுப் பேரைக் கூட்டிட்டு வாயேன்" என்றார். எங்கள் ஊர் தரங்கம்பாடி போகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்கவேண்டிய ஊர். சம்பா நடவு நேரத்தில் நடவுக்காரிகள் எப்படிக் கிடைப்பார்கள் என்று கேட்பீர்கள். அந்த வருடம் அவர்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லை ஏற்றிக் கொடுத்தால்தான் இறங்குவோம் என்று சங்கத்தில் முடிவெடுத்து வேலைநிறுத்தம். ஏற்ற மாட்டோம் என்று நின்ற மிராசுதார்களில் என் அப்பாவும் ஒருவர். கடவுள் இல்லை, சாதி இல்லை என்று மேடையில் முழங்குவார், கூலி என்று வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். எனக்கு அது அந்த வயதில் பெரிதாக உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடவில் முன்பாட்டுப் பாடுகிறவள் காத்தாயி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், எனக்குப் பத்தொன்பது, ஆனால் நான் அவளைக் காத்தாயி என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிடும். "மத்தியானம் சோறு போடுவீங்கல்ல?" என்று கேட்டாள். போடுவோம் என்றேன். இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

மேடை ஏறுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, சேறு இல்லாத எடத்துல பாடுனா பாட்டு காலைச் சுத்திக்கும்னு சொல்லுவாங்க. பரவால்ல, பாடுறோம். ஆனா கரை ஏறுங்கடின்னு நான் சொல்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லக் கூடாது" என்றாள். வயலில் நடவுக்காரிகள் குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து வருவார்கள், முன்பாட்டுக்காரி ஒரு அடி பாடுவாள், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். வரப்புக்கு வந்து சேர்ந்ததும் அவள் 'கரை ஏறுங்கடி' என்று பாடி முடித்தால்தான் நிமிர்ந்து ஏறுவார்கள், அது வழக்கம். நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

பேசவந்த அறிஞர் தன் பேச்சை நீட்டி முழக்கிவிட்டார். பெண்களுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம் இருந்தது. 'முடிச்சவுத்து வீசுங்கடி' என்று காத்தாயி எடுக்க, 'வீசியாச்சு அக்கா' என்று ஆறு பேரும் வாங்க, அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாட்டு நன்றாகச் சூடு பிடித்திருந்தபோது நான் மணியை அடித்தேன். அவர்கள் சட்டென்று நின்றுவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏன் பாப்பா அடிச்ச?" என்று காத்தாயி மேடையிலிருந்தே கேட்டாள்.

"நேரமாச்சு காத்தாயி" என்றேன்.

திங்கட்கிழமை, டேப்பில் பதிவு செய்து வைத்திருந்த அந்தப் பாட்டைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதச் சொன்னார்கள். ஒலிப்பதிவு அறை என்று பெயர்தான் பெரிது, சன்னல் கிடையாது, சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்திருக்கும், உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. யாராவது தெரியாமல் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று வெளியே பூட்டிவிடுவது அங்கே பழக்கம். அட்டெண்டர் ஷேக் பாய் ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு, "மூணு மணிக்குத் தொறக்குறேன்மா" என்று சொல்லிச் சாப்பிடப் போனார். நான் டேப்பை ஓடவிட்டு, ஆதி தாளத்தில் அடங்குகிறதா என்று தொடையில் தட்டிக்கொண்டே எழுதினேன்.

'மூணு மூணா ஊணுங்கடி' என்று காத்தாயி பாடுகிற இடம் வந்தது. பதில் வரவில்லை. ஆறு பேருடைய குரலும் அந்த இடத்தில் இல்லை, வெறும் இடைவெளி. டேப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தாளம் போட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு இடைவெளியைச் சும்மா விடமுடியாது, அது எங்கள் பிழைப்பின் கெட்ட பழக்கம். 'ஊணியாச்சு அக்கா' என்று நானே பாடி நிரப்பினேன். ஒரே ஒரு தடவைதான்.

அடுத்த அடி, 'பச்சத் தாவணி நனையுது பாரு, தூக்கிச் செருகடி' என்று வந்தது. சனிக்கிழமை அப்படி ஒரு அடியை அவள் பாடவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை நான் கட்டியிருந்தது பச்சைத் தாவணி. என் வாய், நான் சொல்லாமலே, 'செருகியாச்சு அக்கா' என்றது. குனிந்து பார்த்தால் உண்மையிலேயே செருகியிருந்தேன்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. அவள் பாடப் பாட நான் பதில் சொன்னேன், இடுப்பு தானாக வளைந்தது, கை தரையில் ஊன்றி ஊன்றி எடுத்தது, கால் பின்னால் போனது. நாற்றைக் கையால் தொட்டறியாதவள் நான். கதவு எனக்குப் பின்பக்கம்தான் இருந்தது, எட்டடி இருக்குமா, பின்னால் போனால் முதுகு கதவில் முட்டும், தட்டலாம் என்று நினைத்தேன். போய்க்கொண்டே இருக்கிறேன், கதவு வரவே இல்லை. டேப் முடிந்து அதன் வால் பட் பட் என்று அடித்துக்கொண்டு சுற்றுகிறது, குரல் மட்டும் ஓயவில்லை. இசை படித்த மூளை அப்போது ஒரு யோசனை சொன்னது பாருங்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. மங்களம் பாடினால் கச்சேரி முடிந்துவிடும் இல்லையா? குனிந்தபடியே மங்களம் பாடினேன். அந்தக் குரல் நான் முடிக்கிறவரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தது. முடித்ததும், 'பாடி முடிச்சா அடுத்த நாத்து முடியை எடுடி' என்றது. 'எடுத்தாச்சு அக்கா' என்றேன்.

ஷேக் பாய் கதவைத் திறந்ததும் எல்லாம் நின்றது. நான் அறையின் நடுவில் குனிந்து நின்றிருந்தேன். "என்னம்மா தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத் தரையில் அவரும் தேடினார். என் விரல் நுனியெல்லாம் வெகு நேரம் தண்ணீரில் கிடந்த மாதிரி ஊறிச் சுருங்கியிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் தனியாக இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஒன்றுமில்லை. குளிக்கப் போய்த் தாழ் போட்டால் போதும், 'எங்கடி போன?' என்று ஆரம்பித்துவிடும். விடுதியில் கூட இருந்தவளை வாசலில் நிற்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டுக் குளித்தேன், வெட்கம் மானம் பார்க்கிற நிலைமை இல்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் காத்தாயி வீட்டுக்குத்தான் போனேன். எங்கள் ஊரில் என் வயதுப் பெண் அந்தத் தெருவுக்குள் போவதெல்லாம் கிடையாது. அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள், கண் இரண்டும் சிவந்து குழி விழுந்திருந்தது.

"அக்கா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"உன்னையும் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை. "நாங்க ஏழு பேரும் அப்படித்தான் கெடக்குறோம். கண்ணை மூடினா சேத்துல நிக்கிறோம். படுத்தா முதுகு நிமிர மாட்டேங்குது."

"முடிச்சிடுங்களேன் அக்கா. இப்பவே கரை ஏறச் சொல்லிடுங்க."

"சேத்துல நின்னு பாடி, கரைக்கு வந்தாத்தான் சொல்ல முடியும். வயல்ல எறங்கினா பாட்டு முடியும், வேலைநிறுத்தம் தோத்துடும். உங்கப்பா வெளியூர் ஆளை எறக்கி நட்டுக்கிட்டு இருக்காரு. நாங்க காலை வச்சோம்னா, பாரு, இவளுங்களே வந்துட்டாளுங்கன்னு சொல்லிட மாட்டாரு? தூங்காம செத்தாலும் சாவோமே ஒழிய எறங்க மாட்டோம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூலியை ஒத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வயலில் இறங்கட்டும், எனக்கு விடுதலை கிடைக்கும் என்று அழுதேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாட்டு வந்து புடிச்சிக்கிச்சா? என் பொண்ணா பேசுறது? யாரு சொல்லிக் குடுத்தா, சங்கத்துக்காரனா?" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடியும் காத்தாயியிடம் போனேன். பதில் பாட ஒருத்தி சேற்றில் நின்றால் போதாதா என்று கேட்டேன். "நிக்கலாம். நாங்க ரோட்டுல நின்னுக்குறோம். ரோடு சர்க்காரோடது. ஆனா உனக்குத் தாங்குமா?" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வெளியூர் ஆட்கள் சாப்பிடக் கரையேறியிருந்தார்கள். அப்பா வயலில் நாற்று முடி அங்கங்கே வீசிக் கிடந்தது. அந்தப் பச்சைத் தாவணியைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. சாலையில் வரிசையாக ஏழு பேரும் நின்றார்கள், காத்தாயி எடுத்தாள், நான் பதில் சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. அப்பா செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்து வரப்பில் நின்று, "கலை, ஏறு மேல, மானம் போவுது" என்று கத்தினார். என்னால் ஏற முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? வாய் முழுக்கப் பாட்டுதான் இருந்தது.

கோணலும் மாணலுமாக ஒரு வரிசை நட்டு, பின்னாலேயே வந்து, குதிகால் வரப்பில் இடித்தபோது காத்தாயி நீளமாக இழுத்துப் பாடினாள், 'கரை ஏறுங்கடி'. சாலையில் நின்ற ஆறு பேரும் ஒரே சமயத்தில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்கள், ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் வரப்பில் ஏறி நின்றேன். உடம்பு லேசாகிவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்து நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு எனக்கு அந்தக் குரல் கேட்கவே இல்லை. காத்தாயிக்கும் மற்றவர்களுக்கும் தூக்கம் திரும்பியது. அந்த மாதமே அப்பா கூலியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், எங்கள் பக்கத்தில் முதல் ஆள் அவர்தான், மற்ற மிராசுதார்கள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இதனால்தான் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் கால் கழுவி, வேறு உடை மாற்றிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில்தான் அப்பா வீட்டுக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ எப்பம்மா ஏறுன?" என்றார்.

"அப்பவே ஏறிட்டேனேப்பா, உங்க பக்கத்துலதானே நின்னேன்."

"இவ்வளவு நேரம் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். எல்லாரும் போயிட்டாங்க, நீ மட்டும் நிமிரவே இல்லையே, குனிஞ்சி நட்டுக்கிட்டே போனியே..." என்றார்.

அப்பா அதைப் பற்றி மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைசி வரை, காய்ச்சலானாலும் மழையானாலும், மத்தியானம் ஒரு தடவை அந்த வயலுக்குப் போவார். வரப்பில் நின்று, "கலை, ஏறி வாம்மா" என்று கூப்பிடுவார். நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, ஊருக்கு வந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் போய்க் கூப்பிட்டுவிட்டு வருவார். சாமி இல்லை, பேய் இல்லை என்றுதான் சாகிறவரைக்கும் சொன்னார்.

அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அங்கே போய்க் கூப்பிட யாரும் இல்லை. நான் போகலாம், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். போய் நின்று கூப்பிட்டு, அவள் ஏறி வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துத்தான் போகாமல் இருக்கிறேன்.