மது வாடை இல்லை

என் கணவர் ஒரே குளிர்பதனக் கிடங்கில் பதினெட்டு ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அடுக்கிய பெட்டிகளில் ஒன்றுகூட அசையாமல் ஐந்தாம் தட்டில் ஏற்றுவார் என்பதால், உடன் வேலை செய்வோர் அவரைத் ‘தராசு’ என்றே அழைத்தனர். நாற்பத்தாறாம் வயதில் சர்க்கரை நோய் வந்தது. காலையில் விரலைக் குத்தி அளவைக் குறித்துவைப்பது என் பொறுப்பாயிற்று. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாளைக்கூட நான் எறிந்ததில்லை. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படித்துப் பழகினேன்.

வாரத்தில் ஒரு மாலை அவர் கூட்டாளிகளோடு குடிப்பார். மறுநாள் காலை அளவு வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

“பார்த்தியா? மருந்துக்கு மருந்து!” என்று சிரிப்பார்.

“இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஊசியை நாக்குலயே குத்துவார்.”

வாய் திட்டினாலும் அந்த எண்ணைக் கண்டு என் மனம் குளிர்ந்தது உண்மை. குடித்தால் சர்க்கரை ஏறும், உணவை விட்டால் சரிக்கட்டிவிடலாம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார். அந்த நாள்களில் “வெளிய சாப்பிட்டுட்டேன்” என்று பொய் சொல்லி, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிப் படுத்துவிடுவார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை மாலை, பணி ஓய்வு பெற்ற கூட்டாளிக்கு விருந்து. அன்றும் குடித்துவிட்டு, உண்ணாமல் மாத்திரையை விழுங்கிப் படுத்தார். மறுநாள் ஆறு மணி ஷிஃப்ட். எழுந்தது தாமதம், அளவும் பார்க்கவில்லை, ஒரு வாய் உண்ணவுமில்லை. எட்டு மணிக்கு வண்டியின் தூக்குமுள் அலமாரிக் காலில் பாய்ந்து பெட்டிகள் சரிந்தன. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. வியர்வையில் நனைந்து, நா குழற நின்றவரைப் பார்த்து மேற்பார்வையாளர், “தராசே தள்ளாடுது, காலையிலயே ஊத்திட்டு வந்துட்டான்” என்றாராம்.

முதலுதவி அறைச் செவிலி அளந்தபோது சர்க்கரை நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. இனிப்பு நீர் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். “மது வாடை இல்லை” என்றும் சீட்டில் எழுதினார் அந்தப் பெண். இருந்தும், பணியில் போதையில் இருந்ததாக பணிநீக்கக் கடிதம் மாலையே வந்தது.

நாங்கள் முறையிட்டதும் விசாரணை வைத்தார்கள்; அவருக்காகப் பேச என்னையும் அனுமதித்தார்கள். அதற்கு முந்தைய நாள் கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணி, குடிக்கவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடுங்க. நாங்க யாரும் வாயத் திறக்க மாட்டோம்.”

ஆனால் குடிக்கவில்லை என்றால் நாற்பத்தொன்று எப்படி வந்தது? அதே மாத்திரையைத்தான் மூன்று ஆண்டுகளாக உண்கிறார். உள்ளே போன மதுவைக் கழிக்கும் வரை ஈரல் சர்க்கரையைச் சரியாக விடுவிக்காது. மாத்திரையோ இறக்கிக்கொண்டே இருக்கும். பட்டினியும் சேர்ந்தால் மறுநாள் காலையிலும் ஆளைச் சாய்த்துவிடும். குடித்ததை மறைத்தால் என் விளக்கமே நிற்காது.

விசாரணை அதிகாரி கேட்டதும் என் கணவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

“முந்தின நாள் சாயங்காலம் குடிச்சேங்க. மூணு கிளாஸ். சாப்பிடல.”

அதிகாரி பேனாவை மூடினார். “அப்புறம் என்னம்மா? குடிச்சதாலதானே தள்ளாட்டம் வந்துச்சு?”

“குடிச்சதாலதான் சார். ஆனா வேலையில போதையில இல்ல. ரெண்டும் வேற வேற.”

“வீட்டுல நீங்கதான் டாக்டரோ?” என்றார் மேற்பார்வையாளர்.

“இல்லைங்க. டாக்டர் எழுதினதைப் படிக்கிறவ.”

மூன்று வாரம் கழித்து, ‘போதையில் இருந்த குற்றத்தை மனிதாபிமான அடிப்படையில் மன்னித்து’ வாயிற்காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். வண்டியைத் தொடக்கூடாது. மன்னிப்பு வேண்டாம், ‘போதை’ என்ற சொல்லை நீக்குங்கள் என்று இருமுறை எழுதினேன், பதிலில்லை.

“விடுடி. உள்ள விட்டாங்களே, போதும். எனக்கு அலுத்துப்போச்சு” என்றார்.

எனக்கும் அலுத்துத்தான் போயிற்று. ஆயினும் மூன்றாவது மனுவை எழுதி அவர்முன் வைத்தேன்.

“குடிச்சேன்னு இதுலயும் இருக்கா?”

“இருக்கு.”

“சரி, குடு” என்று கையெழுத்திட்டார்.