மஞ்சள் ஊசிகள் வராமல் போன வருஷம்

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. நான் தயாரித்த கரிமப் பொருளைச் சூடான எத்தனாலில் கரைத்து ஆறவிட்டால் மஞ்சள் ஊசிகளாகப் படிகம் விழும். இரண்டு வருஷமாக ஒருநாளும் தவறியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பீக்கரில் வெள்ளைத் தகடுகள் கிடந்தன. மறுபடி செய்தேன். மறுபடியும் வெள்ளை. சோதித்துப் பார்த்தேன், பொருள் அதேதான். மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட விதம்தான் மாறியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மஞ்சள் புட்டிகளைத் திறந்தேன். திறந்த புட்டியெல்லாம் அந்த வாரத்துக்குள் வெளுத்துப்போனது.

மிஷன் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாக இருந்த தோழியிடம் போனேன். அவள் ஆய்வகத்தில் இந்தப் பொருள் நுழைந்ததே இல்லை. அங்கிருந்த ரசாயனங்களைக் கொண்டே முதலிலிருந்து தயாரித்தோம். மஞ்சள் ஊசிகள் விழுந்தன. ஆசையாகக் குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஊசிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஊசிகள் கரைந்து, தகடுகள் பெருகியிருந்தன.

தோழி என் முந்தானையையே பார்த்தாள்.

"கண்ணுக்குத் தெரியாத வெள்ளைத் தூசி ஒண்ணு விழுந்தாப் போதும்டி, அம்புட்டையும் வெள்ளையா மாத்திரும். அது ஒங்கூடவே வருது."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

பழங்காநத்தத்து வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். புடவையை இரண்டு முறை அலசினேன், நகத்தை ஒட்ட வெட்டினேன். அம்மா வாசலில் நின்று, "எளவு வீட்டுக்கா போயிட்டு வார?" என்று கேட்டாள்.

மறுவாரம் தோழி கல்லூரியின் மறுகோடியில் வேறோர் அறையை ஏற்பாடு செய்திருந்தாள்.

"நானும் தல முழுகிட்டுத்தான் வந்திருக்கேன். நீ மட்டும் உள்ள வராத. ஜன்னலுக்கு வெளியவே நில்லு."

மூடிய கண்ணாடிக்கு இப்பால் வராந்தாவில் நின்றேன். புதுக் குடுவை, புது வடிதாள். எல்லாவற்றையும் அவளே செய்தாள். மத்தியானம் குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்புட்டும் மஞ்சள்டி!"

சந்தோஷத்தில் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். அவள் சட்டென்று ஓரடி பின்வாங்கினாள். அந்த ஓரடி எனக்குள் எங்கோ போய்த் தைத்தது.

உருகுநிலையை அவளே அளந்து எழுதிக் கொடுத்தாள். இரண்டு வடிவங்களும் என் ஆய்வேட்டில் ஏறின. பட்டம் கிடைத்ததைச் சொல்லப் போன அன்று, கூப்பிட்டும் நான் அவள் ஆய்வகத்துக்குள் நுழையவில்லை. அவளும் மறுமுறை கூப்பிடவில்லை.