பாண் ஓட்டோவில் வந்த அறிவித்தல்

கரைத்தீவில் எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவுக்குள், வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்கும் என் ஓட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டால் முதலில் திறக்கும் கதவு உம்மு குல்சூம் மாமியுடையது. ஒரு இறாத்தல் பாணும் இரண்டு பணிஸும் வாங்க அவர் எடுக்கும் நேரத்தில் நான் தில்லையடிக்கே போய் வந்துவிடலாம். கையைச் சுடும் பாணைப் பிடித்துக்கொண்டு, "இது நேத்தையான் பாண்தானே ஹில்மி?" என்று கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் மாமி மவுத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போது அந்த ஒழுங்கையில் ஐந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

நான் சின்னவனாக இருந்த காலத்து மழைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒக்டோபரில் சொல்லிக்கொண்டு வந்து, டிசம்பர் வரை நின்று நிதானமாகப் பெய்யும். களப்புத் தண்ணீர் ஒழுங்கைக்குள் மெதுவாக ஏறும். மாமி கோழிகளைக் கூரைக்குக் கீழே ஏற்றிவிட்டு, அரிசி மூட்டையை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் முழங்கால் தண்ணீரில் இறால் பிடிப்போம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்த வழியே போய்விடும். அந்த மூன்று நாளும் எங்களுக்குப் பெருநாள் மாதிரி.

பிறகு வானம் குணம் மாறியது. வருஷத்து மழை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அதைப் பிரித்துக் கொடுக்க மறந்துவிட்டது. எட்டு மாதம் கிணறு வறண்டு கிடக்கும், இரண்டு நாளில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும். கடல் சூடாகிவிட்டது, சூடான கடல் மேகத்துக்கு அளவில்லாமல் தண்ணீர் ஊட்டுகிறது என்று ஊர்க் கூட்டமொன்றுக்கு வந்த ஓர் உத்தியோகத்தர் படம் போட்டுக் காட்டினார். கரையிலிருந்த கண்டல் மரங்களை நாமே வெட்டித் தீர்த்தோம் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு மழை பெய்தது. மேலே குளங்களின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்று காலையில் செய்தி வந்தது. ஒலிபெருக்கி வைத்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் நான் எங்கள் வெள்ளக் குழுவில் இருந்தேன். அறிவித்தலை நானே எழுதி, நானே வாசித்தேன். "தாழ்ந்த பகுதியில் இருப்பவர்கள் அத்தியாவசியப் பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடனடியாக வீடுகளை விட்டு வெளியேறவும்."

மற்ற ஒழுங்கைகள் காலியாகின. எங்கள் ஒழுங்கையில் குல்சூம் மாமி கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். மாமி போகவில்லை என்றதும் அடுத்த வீட்டு ஜெமீலா ராத்தாவும் போகவில்லை. ராத்தாவுக்குக் கால் ஏலாது, மூச்சு இழுக்கும் முட்டு வருத்தமும் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் வள்ளம் கொண்டு போனபோது ராத்தா மேசைக்கு மேல் மூச்சுக்குத் திணறிக்கொண்டு இருந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நடு ஒழுங்கையில் வைத்துக் கேட்டேன். "உங்கட பிடிவாதத்தால இண்டைக்கு ஒரு மவுத்து விழுந்திருக்கும், தெரியுமா?"

மாமி "ஓம்" என்றார். என்னோடு ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தவர் அதன்பிறகு பாணை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனார்.

அடுத்த மாதம் பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் வைத்தோம். அடுத்த முறை பொலிஸையும் கூட்டி வந்து இன்னும் சத்தமாகச் சொல்லுவோம் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து மாமி எழும்பினார்.

"சத்தம் குறைவில்ல ஹில்மி. தொண்ணூறுல எருக்கலம்பிட்டியிலயும் இப்பிடித்தான் இயக்கத்துக்காரங்க ஒலிபெருக்கியில சொன்னாங்க. இதே சொல்லு. வெளியேறுங்க எண்டு. ரெண்டு கிழமையில வந்துருவோமெண்டு வாப்பா எங்கள வள்ளத்துல ஏத்தினாரு. முப்பத்தொரு வருஷமா அந்த ரெண்டு கிழமை முடியல்ல."

நான் தொண்ணூற்றொன்றில் அகதி முகாமில் பிறந்தவன். போர்க் காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் அதே சொற்களை என் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அப்ப என்ன சொல்லணும் மாமி?" என்று கேட்டேன்.

"எங்க போறம், ஆரு வீட்டப் பாக்குறது, எப்ப திரும்பி வாறது. இந்த மூண்டையும் சொல்லு."

"எப்ப வாறதெண்டு எங்களுக்கே தெரியாதே."

"தெரியாட்டி, தண்ணி வத்தின அண்டைக்கு நாங்களே கூட்டிக்கொண்டு வருவமெண்டு சொல்லு. சொல்லிப்போட்டு அதச் செய்."

அப்படியே எழுதினோம். மீனவர்கள் இரண்டு வள்ளத்தில் நின்று வீடுகளைப் பார்ப்பது, நடக்க ஏலாதவர்களை என் ஓட்டோ ஏற்றுவது, பள்ளிக்கூட மாடியில் வீட்டுக்கு ஒரு இடம் என்று ஒவ்வொன்றையும் பேசி முடித்தோம். கரையில் கண்டல் கன்றுகளும் நட்டோம், பாதியை ஆடு தின்றது, மறுபடி நட்டோம். மழைக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை எல்லோரும் பள்ளிக்கூடம் வரை நடந்து, பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி நடந்து பழகுவோம். இந்த யோசனையைச் சொன்ன மாமி மட்டும் ஒழுங்கை முனையோடு நின்றுவிடுவார். "கூட்டத்துல கதைக்கிறது லேசு தம்பி, கால் வருதில்ல" என்பார். அந்த நாலு வருஷமும் எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அவர் நின்றால் ஒழுங்கையே நின்றுவிடும்.

போன வருஷம் முன்னதைவிடப் பெரிய மழை வந்தது. காலைப் பாண் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே செய்தி கிடைத்தது. பாட்டைப் போட்டபடியே ஒழுங்கைக்குள் திரும்பினேன், அதைக் கேட்டால் கதவுகள் திறக்கும் என்பது தெரியும். மாமியின் கதவும் திறந்தது. பர்தாவைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்து ஓட்டோவில் பாண் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "அதத் தா" என்று மைக்கை வாங்கினார்.

"நான் குல்சூம் கதைக்கிறேன். பள்ளிக்கூட மாடிக்குப் போறம். நௌஃபரும் முபாரிஸும் வள்ளத்தோட நிண்டு வீட்டப் பாப்பாங்க. தண்ணி வத்தினதும் எல்லாரும் திரும்பி வருவோம். நானும் போறேன், வாங்க."

ஒழுங்கையின் ஏழு வீடும் வெளியே வந்தது. ஜெமீலா ராத்தாவைத் தூக்கி மாமியின் பக்கத்தில் வைத்தோம். அந்த வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் ஓர் உயிர் போகவில்லை.

மாடியில் மூன்று நாள் மாமி கண்மூடவில்லை. மணிக்கொரு தரம் "வத்திட்டா?" என்று கேட்டார். வீடு விழுந்துவிட்டால், அவருடைய வீட்டை இரண்டாம் தடவையும் பறித்தவன் நானாகிவிடுவேன் என்று பயந்து செத்தேன்.

நான்காம் நாள் காலை எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தோம். மாமியின் வீட்டுப் பின்சுவர் சரிந்து கிடந்தது. உள்ளே முழங்கால் அளவு சேறு. அலுமாரி குப்புற விழுந்திருந்தது, ஒரு கோழியும் மிஞ்சவில்லை. மாமி பூட்டைத் திறந்து, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனார். சேறு படிந்த கதிரையில் உட்கார்ந்து, ஒழுங்கைக்கே கேட்கும்படி வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"சுவரை ஒரு கிழமையில கட்டிருவோம் மாமி, அழாதீங்க" என்று உளறினேன்.

மாமி பர்தா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுவருக்கு ஆருடா அழுதா? விட்டுட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன் ஹில்மி. போனாலும் வரலாமெண்டு எனக்குத் தெரியாமலே இருந்திச்சே."