காலையில் மட்டும் நொண்டிய கால்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வெடி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நடுச்சாலையில் காரை நிறுத்திப் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த ஒருவனை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிப் போய், பயணிகள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தவள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்று சிரிப்பார்கள். அதெல்லாம் கோபமே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது மகள் விஷயத்தில்தான்.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாலு. காலையில் முதல் பஸ்ஸை எடுப்பவள் வெடி என்பதால், வாலு கண் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவாள். குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது, அச்சகத்தில் மதிய ஷிஃப்ட் பார்க்கும் கணவனின் பொறுப்பு. கொஞ்ச நாளாக அவன் ஒரே புகாரைத்தான் பாடினான்.

“உன் பொண்ணு என்னமா நடிக்கிறா தெரியுமா? எந்திரிச்சதும் நொண்டறா. தூக்கிட்டுப் போங்கறா. ஸ்கூல் வண்டி போயிட்டா போதும், அப்புறம் கட்டில் மேல ஏறிக் குதிக்கிறா.”

“டிமிக்கி குடுக்கறதுல அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கா,” என்று சிரித்தாள் வெடி. சாயங்காலம் அவள் பார்ப்பது வாசலுக்கு ஓடிவரும் குழந்தையைத்தானே.

ஒரு விடுமுறை நாளில் அவளே பார்த்தாள். வாலு கட்டிலிலிருந்து இறங்கினாள். வலது முழங்காலை நீட்டாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, குளியலறைப் பக்கம் மெல்ல மெல்ல நகர்ந்தாள். அழவில்லை. அழாமலே பழகிப்போயிருந்தது குழந்தை.

“வலிக்குதாடி கண்ணு?”

“இல்லம்மா. கால் இன்னும் எந்திரிக்கல.”

தொட்டுப் பார்த்தாள். முழங்கால் கதகதவென்று சுட்டது. மற்ற முழங்காலில் இருந்த குழிகள் இதில் இல்லை, ஒரேயடியாகப் புடைத்திருந்தது.

“இதையா நடிப்புன்னு சொன்னீங்க?” என்று கணவன் மேல் பாய்ந்தாள்.

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?” என்றான் அவன், முகம் வெளிறிப்போய்.

அதுவும் நியாயம்தான். டாக்டரிடம் போனார்கள்.

தெருமுனை கிளினிக் சாயங்காலம்தான் திறக்கும். அதற்குள் வாலுவின் கால் இளகிவிடும். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. குழந்தை போட்டிருந்த பேன்ட்டை மடித்துப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

“எங்க, ஓடிக் காட்டு பார்க்கலாம்.”

வாலு கதவு வரை ஓடித் திரும்பினாள், பரிசு கிடைக்கும் என்று நினைத்து.

“பார்த்தீங்களாம்மா? வளர்ற புள்ளைக்கு வர்ற வலிதான். சரியாப் போயிடும்.”

“காலையில பாருங்க டாக்டர், நடக்கவே முடியல.”

“காலையில நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்,” என்று மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுபடி போனபோது ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். வாதமெல்லாம் வயசானவங்களுக்கு வர்றதும்மா. எங்கயாவது விழுந்திருப்பா,” என்றார். விழவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எலும்பு டாக்டர் ஒருவர் மாவுக்கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்தபோது தொடை இளைத்திருந்தது. முழங்கால் மடங்கிய மேனிக்கு நின்றுவிட்டது. இப்போது சாயங்காலமும் நொண்டல்.

வெடிக்கு வேறொரு பயம். பணிமனையில் ஒரு நடத்துனரின் தம்பி மகனுக்கு எலும்பில் புற்றுநோய் வந்து, காலையே எடுத்தார்கள். அந்த வார்த்தையைக் கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது.

ஒருநாள் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டாள். வாலுவைப் படுக்கையிலிருந்து அப்படியே வாரி எடுத்து, கசங்கிய இரவு உடையோடு, கிளினிக் டாக்டர் காலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போனாள். வாசலில் தடுத்த ஊழியரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தினாள்.

“இப்ப ஓடச் சொல்லுங்க.”

வாலு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, முதல்ல வரிசையில வாங்க,” என்றார் டாக்டர், குரல் கொஞ்சம் தடுமாற.

“வரிசையிலதான் இத்தனை மாசமா நிக்கிறேன். உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அது ஒண்ணும் தப்பில்ல. தெரிஞ்ச ஆளுக்கு எழுதிக் குடுங்க. எழுதாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்.”

அவர் எழுதிக் கொடுத்தார். குழந்தைகளின் மூட்டு நோய்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று முன்பே தெரிந்தும் கிளினிக் டாக்டர் வாயைத் திறக்கவில்லை என்பது வெடியை இன்னும் கொதிக்க வைத்தது. அங்கேயும் உடனே இடமில்லை. யாராவது வராமல்போனால் கூப்பிடச் சொல்லி, தினமும் தேநீர் இடைவேளையில் போன் போட்டாள். நச்சரிப்புத் தாங்காமலோ என்னவோ, ஒருநாள் கூப்பிட்டார்கள்.

அந்த டாக்டர் தரையில் விரித்த பாயில் வாலுவோடு உட்கார்ந்தார். முழங்காலோடு விடவில்லை. தாடை, கழுத்து, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் என்று மடக்கி நீட்டிப் பார்த்தார். கணுக்காலும் ஒரு விரலும் வீங்கியிருந்தது அப்போதுதான் வெடிக்கே தெரிந்தது.

“காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல கால் இளகும்?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஸ்கேன் படங்களும் சோதனைகளும் பார்த்த பிறகு நிதானமாகச் சொன்னார். “இது மூட்டுவாதம்மா. குழந்தைங்களுக்கும் வரும். ரத்தத்துல ஒண்ணும் காட்டாமயும் வரும். மருந்து இருக்கு.”

“புற்றுநோய்...?”

“இல்லவே இல்ல.”

வெடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் டாக்டர் முடிக்கவில்லை. “இன்னைக்கே கண்ணையும் பார்க்கணும். இந்த நோய் சத்தமில்லாம கண்ணுக்குள்ள போகும். சிவக்காது, வலிக்காது, குழந்தைக்கும் சொல்லத் தெரியாது.”

கண் டாக்டர் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி உற்றுப் பார்த்தார். இடது கண்ணுக்குள் அழற்சி தொடங்கியிருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?”

“பார்வையே போயிருக்கலாம்.”

வந்த ஆறுதல் அந்த இடத்திலேயே ஆவியாகிவிட்டது.

சொட்டு மருந்து, முழங்காலுக்குள் ஓர் ஊசி, பிறகு வாரந்தோறும் வீட்டிலேயே ஓர் ஊசி, உடற்பயிற்சி. கண் தெளிந்தது. முழங்கால் மெல்ல நீண்டது. அழற்சியில் அந்தக் கால் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிட்டதால், உயரம் சரியாக இருக்க மற்றக் காலின் செருப்புக்குள் ஒரு அட்டை வைக்க வேண்டியிருந்தது. கண் பரிசோதனை வருடக்கணக்கில் தொடரும்.

வெடி ஒரு சாயங்காலம் தெருமுனை கிளினிக்குக்குப் போனாள். கத்தவில்லை. நோயின் பெயரையும் கண்ணில் பார்த்ததையும் சொன்னாள்.

“ரொம்ப அபூர்வம்மா அது. ஆயிரத்துல ஒரு புள்ளைக்குத்தான்...”

“அந்த ஒண்ணு என் வீட்டுல இருக்கு டாக்டர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் காலைத் தொட்டுப் பார்த்திருக்கணும்,” என்றார்.

“ஆமா. தொட்டுப் பார்த்திருக்கணும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.”

வெளியே வந்தபோது மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

ஊசி போடும் நாளில் வாலு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். ஊசி போடக் கற்றுக்கொண்டது அப்பாதான், அவன் ஊசியோடு காத்திருக்கிறான். வெடி குனிந்து காலைப் பிடித்து இழுக்கிறாள்.

“நீங்க ரெண்டு பேருமே கெட்டவங்க!” என்று வாலு தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுகிறாள்.

“கத்துடி, நல்லாக் கத்து,” என்று அவளை இறுக்கி அணைத்துக்கொள்கிறாள் வெடி. “வலிச்சா வாயை மூடிட்டு மட்டும் இருக்காத.”