கடல்குதிரை கிடைத்தால் சைக்கிள்

மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். ஊரையே வாசிக்க வைத்துவிடலாம் என்று அப்போது நினைப்பு.

நினைப்பைக் கெடுத்தது ஒரு சிப்ஸ் பாக்கெட். உள்ளே ஒரு படம் இருக்கும். சுறா, ஆமை, நண்டு, திமிங்கிலம், கடல்குதிரை என்று ஐந்தும் சேர்த்தால் சைக்கிள் இலவசம். வீட்டுக்குள்ளேயே நிஜ நண்டு ஓடுகிற பிள்ளைகள், நண்டுப் படத்துக்காகச் சிப்ஸ் தின்றார்கள். கடல்குதிரை மட்டும் யாருக்கும் வரவில்லை.

"நெசக் கடல்குதிரையே எங்க அப்பா வலையில வந்துட்டு சார். படம் வரமாட்டேங்குது" என்றாள் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. சைக்கிள் பைத்தியம் அவளுக்குத்தான் அதிகம். மதியம் சத்துணவைக்கூட விட்டுவிட்டுச் சிப்ஸ்தான். எழுத்துக் கூட்டி வாசிக்க அவள் தொடங்கியிருந்ததே அந்த மாதம்தான். நாலு படத்தையும் வாசிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

விளம்பரம் என்றால் என்னவென்று புரிய வைக்க நானே ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்தேன். ஒரு மீன் நீந்தி வருகிறது. 'இறால் இலவசம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. மீன் வாயைத் திறக்கிறது. இறாலுக்குள் தூண்டில் முள். அவ்வளவுதான் கதை.

முதல் பக்கத்திலேயே சண்டை வந்தது.

"இது என்ன மீனு சார்?"

"சும்மா ஒரு மீன்."

"சும்மா மீனுன்னு ஒரு மீனு கெடயாது சார். வால் பாறை மீனாட்டம் இருக்கு, மூஞ்சி விளமீனாட்டம் இருக்கு."

அதை ஒருவழியாகத் தாண்டி, மீன் முள்ளில் மாட்டுகிற பக்கத்துக்கு வந்தேன். பிள்ளைகள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

"மாட்டிட்டுடோய்! எத்தன கிலோ சார்?"

தூண்டில் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் கதை சொன்னால் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். விடாமல் கேட்டேன்: "சரி, சிப்ஸ் கம்பெனிக்காரன் இந்தக் கதையில யாரு?"

"தூண்டக்காரன்."

"அப்ப மீன் யாரு?"

என் கண் என்னை அறியாமல் அந்தப் பிள்ளையிடம் போய் நின்றுவிட்டது. அவள் உதடு பிதுங்கியது. நாலு படத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். ஏலக்கூடத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவர். மகளை ஒரு கையில் இழுத்துக்கொண்டே வந்தார்.

"ஏலே தம்பி, எம் பிள்ளைய மீனுன்னு சொன்னியாமே?"

"நான் சொல்லல அக்கா…"

"அப்படிக் கேட்டுட்டு இவளப் பார்த்தியாம்லா! இனிமே இவ இங்கன வரமாட்டா."

இரண்டு மாதம் விடாமல் வந்தால் தானாக வாசித்துவிடுவாள். இப்போது நின்றால் அவ்வளவுதான். பதறிப்போய்ப் படக்கதையை எடுத்து நீட்டினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இறாலை எவம்லே இரைக்கு வைப்பான்? அத வித்தா மீனே வாங்கலாமே. கணவாய்த் துண்டு போதாதா?"

"அதான் அக்கா, இந்தச் சிப்ஸ்காரன் அதைவிடப் பெருசா வச்சிருக்கான். சைக்கிளு." சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஏளா, நீ வாசி."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலை வைத்தாள். "கு…லுக்…கல் முறை…யில் ஒரு…வருக்கு மட்…டும்." நான் வாயைத் திறக்கவே இல்லை. கடைசி வரிக்கு வந்தபோது மண்டபமே அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசித் தேதி போன ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்திலேயே முடிந்திருந்தது.

"அப்ப சைக்கிளு?" என்றாள். பாக்கெட்டை மடித்து, மடித்து, சின்னதாக்கிக் கீழே வைத்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து, நாலாக மடித்த ஒரு தேயிலைப் பாக்கெட் அட்டையை எடுத்தார். முன்பக்கம் மஞ்சளாகத் தங்கக் காசுப் படம்.

"இதுல எனக்குத் தங்கக் காசு விழுந்திருக்குன்னு போட்டிருக்காம். கடைக்கார அண்ணாச்சிதான் சொன்னாரு. இதயும் வாசி."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பினாள். அங்கேயும் எறும்புகள். "படத்…தில் காட்…டப்பட்…"

"மெதுவா வாசி" என்றார் அக்கா. "…டது மா…திரி மட்…" என்று இன்னும் இரண்டு சொல் போனது. சட்டென்று அட்டையைக் கையிலிருந்து பிடுங்கிச் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு இது போதும். மிச்சத்த நாளைக்கு வந்து வாசிக்கட்டும்."